பெற்றோர்க்கு ஏற்ற சிறு மடிக்கணினி

நமது சங்க அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இன்று ஒரு புதிய நிலைமை தோன்றியிருக்கிறது. மக்கள் படித்து முன்னேறிச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். தாய் தந்தையரோ தறியையும் நிலத்தையும் விட்டுப் பிரிய மனமின்றி ஊரிலேயே தங்கியிருக்கிறார்கள். பட்டா நகல் எடுப்பதும், மின்கட்டணம் செலுத்துவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் கணினி வழியாகவே நடைபெறும் காலம் இது. ஒவ்வொன்றுக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையை எதிர்பார்த்து நிற்பது முதியோர்க்கு மனச்சங்கடத்தை உண்டாக்குகிறது. தூரத்திலிருக்கும் பேரக்குழந்தையின் முகத்தை நன்றாகக் காணவேண்டும் என்னும் ஆசையும் இருக்கிறது. ஆகவே, அவர்களுக்கு எளிய, விலை அதிகமில்லாத ஒரு சிறு மடிக்கணினி வாங்கித் தரலாமா, எத்தகைய ரகத்தை வாங்கலாம் என்னும் கேள்வி எழுவது இயல்பே.

இக்கேள்விக்கு விடை காண்பதில் நான் ஒரு முறை தவறினேன். மலிவாகக் கிடைத்ததே என்று என் தந்தையாருக்கு ஒரு சிறு கணினி வாங்கினேன். ஆறு மாதத்தில் அது ஆமையினும் மெதுவாக நகரத் தொடங்கியது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டதென்று நாள்தோறும் அறிவிப்பு வந்தது. நான் ஊருக்குச் சென்றபோது அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி அலமாரியில் வைத்திருந்தார். "ஏதோ நான்தான் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது, தம்பி" என்றார். குற்றம் அவருடையதன்று, விசாரியாமல் வாங்கிய என்னுடையது. தகுதியற்ற கருவியை வாங்கித் தந்தால் பணம் வீணாவதோடு நிற்பதில்லை. இயந்திரத்தின் குறையைப் பெற்றோர் தம்முடைய குறையாக எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். அதன்பின் நல்ல கருவியைக் கொடுத்தாலும் தொடத் தயங்குகிறார்கள். அத்தவறு மற்றவர்க்கு நேராதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

முதலில் தேவை என்ன?

கடைக்குச் செல்லுமுன் பெற்றோரிடம் அமர்ந்து, அவர்கள் செய்ய விரும்பும் காரியங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கும்: மக்களுடன் முகம் பார்த்துப் பேசுதல், செய்தித்தாள் படித்தல், பாட்டும் சொற்பொழிவும் கேட்டல், அரசாங்க விண்ணப்பங்களை நிரப்புதல், வரவு செலவு எழுதுதல். இவற்றிற்கு விலை உயர்ந்த கருவி அவசியமில்லை.

இன்னொன்றையும் நேர்மையுடன் யோசிக்கவேண்டும். கையிலிருக்கும் செல்போனே போதுமான காரியங்களுக்குக் கணினி வாங்குவது சிக்கனமாகாது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்வுச் சான்றை 2014 ஆம் ஆண்டிலிருந்து மின்வழியில் தர வழி ஏற்பட்டது. இன்று செல்போனில் முகத்தைக் காட்டியே அதனைச் செய்துவிடலாம். பெரிய எழுத்தில் படிப்பதும், நீண்ட விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வதும், கணக்கு எழுதுவதும் வேண்டியவர்க்கே மடிக்கணினி மெய்யான பயன் தரும்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது?

2007 ஆம் ஆண்டில் ஏசஸ் கம்பெனி ஈ பி.சி. என்னும் சிறு கணினியை வெளியிட்டது. அதன் திரை 7 அங்குலமே. விலை குறைவு, எடை குறைவு என்பதால் உலகெங்கும் அவ்வகைக் கருவிகள் சில ஆண்டுகள் பரபரப்பாக விற்பனையாயின. பின்னர் மங்கி மறைந்தன. சிறிய திரையும், நெருங்கிய விசைகளும், வேகக்குறைவும் நீண்ட உபயோகத்திற்கு ஒத்துவரவில்லை.

அதிலிருந்து நாம் அறியும் பாடம் யாதெனில், சிறியது என்பது முதியோர்க்கு எப்போதும் சௌகரியமானதன்று. நாற்பது வயதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. 11.6 அங்குலத் திரையுள்ள கருவி எடையில் குறைந்தது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு பக்கத்தில் சில வரிகளே தெரியும். 14 அங்குலத் திரையே நடுத்தரமானது. அதன் எடை பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றேறக்குறைய இருக்கும். அலமாரியில் எடுத்து வைக்கவும், திண்ணைக்குக் கொண்டு செல்லவும் சிரமமில்லை. திரையின் நுட்பம் 1920க்கு 1080 புள்ளிகள் என்னும் அளவில் இருந்தால் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் தெளிவாகத் தெரியும். கண்ணாடிபோல் பளபளக்கும் திரையில் வாசல் வெளிச்சம் பட்டுக் கண் கூசும். பளபளப்பில்லாத திரையே நல்லது.

களமும் குதிரும்

கடைக்காரர் கூறும் எண்களில் இரண்டு மட்டுமே நமக்கு மிக முக்கியமானவை. ஒன்று ராம் என்னும் நினைவகம், மற்றொன்று சேமிப்பகம்.

ராம் என்பது களத்தைப் போன்றது. களம் விசாலமாக இருந்தால் ஒரே சமயத்தில் பல கட்டுகளைப் பிரித்துப் போட்டு அடிக்கலாம். குறுகியதாயின் ஒன்றை அள்ளிய பின்னரே மற்றொன்றைப் போட முடியும். சேமிப்பகம் என்பது குதிரைப் போன்றது. தானியம் தங்கியிருக்கும் இடம் அதுவே. குதிரின் கொள்ளளவு மட்டுமன்றி, அதிலிருந்து எவ்வளவு விரைவாக அள்ளிப் போட முடிகிறது என்பதும் முக்கியம். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகம் அகன்ற வாயுடைய குதிர். மிக மலிவான கருவிகளில் இ.எம்.எம்.சி. என்னும் வகை இருக்கும். அது குறுகிய வாயுடையது. மேலும் அது உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், பிற்பாடு மாற்றவும் இயலாது.

விண்டோஸ் 11 என்னும் இயக்க மென்பொருளுக்கு அதன் நிறுவனமே விதித்துள்ள குறைந்த அளவு 4 ஜி.பி. ராமும் 64 ஜி.பி. சேமிப்பகமும் ஆகும். குறைந்த அளவு என்பது கருவி ஓடும் என்பதற்கு உறுதியேயன்றி, நன்றாக ஓடும் என்பதற்கு உறுதியன்று. விண்டோஸ் கருவி வாங்குவோர் 8 ஜி.பி. ராமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் உள்ளதையே வாங்குக. இதற்குக் கீழே இறங்கிச் சேமிக்கும் பணம் சேமிப்பாகாது. இதற்கு மேலே ஏறி, விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட கருவிகளுக்குப் பணம் கொடுப்பதும் வீண்.

எந்த இயக்க மென்பொருள்?

கடைகளில் இருவகைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று 2011 ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள குரோம்புக்.

குரோம்புக் எளிமையானது. திறந்த சில வினாடிகளில் தயாராகிவிடும், புதுப்பித்தல்களைத் தானே செய்துகொள்ளும், நச்சு நிரல்கள் புகுவது கடினம், 4 ஜி.பி. ராமிலும் ஓரளவு நன்றாகவே இயங்கும். மேலே சொன்ன பட்டியல் மட்டுமே தேவை என்போர்க்கு இது பொருத்தமானது. ஆனால் இணையத் தொடர்பு இல்லாவிடில் இதன் பயன் பெரிதும் குறைந்துவிடும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் இதில் ஓடா. பழைய அச்சுப்பொறிகள் சில இதனுடன் இணையா. ஆகவே, வரிக் கணக்கோ மின்னணுக் கையொப்பமோ உள்ள குடும்பத்தினர் விண்டோஸையே நாடுதல் நலம்.

விதைப் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவது விவசாயியின் வழக்கம். கணினிக்கும் அப்படி ஒரு தேதி உண்டு. பாதுகாப்புப் புதுப்பித்தல் எதுவரை கிடைக்கும் என்பதே அது. 2021 ஆம் ஆண்டிலிருந்து வெளிவந்த குரோம்புக்குகளுக்குப் பத்தாண்டுகள் புதுப்பித்தல் தரப்படும் என்று கூகிள் கம்பெனி 2023 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஆனால் அந்தப் பத்தாண்டு நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த ரகம் முதன்முதலில் வெளியான காலத்திலிருந்து எண்ணப்படுவது. பழைய ரகத்தைத் தள்ளுபடியில் வாங்கினால் ஆண்டுகளும் தள்ளுபடியாகிவிடும்.

விண்டோஸ் 10 மென்பொருளுக்கு வழக்கமான ஆதரவு 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் தேதியுடன் முடிவடைந்தது. இன்டெல் செயலியுள்ள கருவியாயின், பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே விண்டோஸ் 11 ஏற்கப்படுகிறது. பழைய கருவிகளைப் புதுக்கி விற்கும் கடைகளில் விலை மலிவாக இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அலுவலகங்களில் உபயோகித்துக் கழிக்கப்பட்ட நல்ல கருவிகளும் அங்கே உண்டு. தலைமுறையை விசாரித்து, பேட்டரியின் நிலையைச் சோதித்து, எழுத்து மூலமான உத்தரவாதம் பெற்று வாங்கினால் அவை அனுகூலமானவையே.

பரண்மேல் இருக்கும் கணினி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் தேதி தொடங்கியது. அத்திட்டத்தில் பெற்ற கருவிகள் இன்றும் பல வீடுகளில் பரண்மேல் இருக்கின்றன. புதிதாக வாங்குமுன் அதனை இறக்கித் துடைத்துப் பார்க்கலாம். பழைய வட்டை நீக்கி ஓர் எஸ்.எஸ்.டி. பொருத்தி, இயன்றால் ராமையும் கூட்டி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை நிறுவினால், செய்தி படிப்பதற்கும் கடிதம் எழுதுவதற்கும் அது உதவலாம். இந்திய மொழிகளை மனத்திற்கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் ரகமும் இலவசமே. பழுது பார்க்கும் செலவு புதிய கருவியின் விலையில் நாலில் ஒரு பங்குக்கு மேற்போகுமாயின் அம்முயற்சியைக் கைவிடுக.

தறிவீட்டிற்கு ஏற்ற கருவி

நகரத்து வீட்டிற்கு எழுதப்படும் யோசனைகளில் நமது வீடுகளின் நிலை இடம்பெறுவதில்லை. சில விஷயங்களை நாமே கவனித்துக்கொள்ளவேண்டும்.

தறிவீட்டில் பஞ்சுத் தூசி ஓயாமல் பறக்கும். கணினிக்குள் சுழலும் சிறு விசிறி அத்தூசியை உள்ளிழுத்து அடைத்துக்கொள்ளும்; கருவி சூடேறி மெதுவாகும். ஆகவே விசிறியில்லாத ரகம் கிடைத்தால் நமக்கு அதுவே உத்தமம். குரோம்புக்குகளிலும் எளிய விண்டோஸ் கருவிகள் சிலவற்றிலும் அவ்வாறு உண்டு. இல்லையேல், உபயோகித்தபின் மூடித் துணி போர்த்தி, தறியறைக்கு வெளியே வைக்கவேண்டும். ஓடும்போது மெத்தையின்மேல் வைத்தலாகாது.

ஆண்டுக்கணக்கில் விசைத்தறிச் சத்தத்தில் வேலை செய்தோர்க்குச் செவிப்புலன் குறைந்திருக்கும். சிறு கணினிகளின் ஒலிபெருக்கி பலமற்றது. தனியே ஓர் ஒலிபெருக்கி வாங்கிவிட்டால், பேரன் பேசுவது கேட்கவில்லை என்னும் குறை தீரும். மண்வெட்டியும் நூலும் பிடித்துக் காய்த்த விரல்களுக்குத் தொடுபலகை எளிதில் வசப்படுவதில்லை. கம்பியுள்ள ஒரு சாதாரண மவுஸ் வாங்குக; அதற்கு பேட்டரி மாற்றும் தொல்லையும் இல்லை. விசைகளின் எழுத்துக்கள் பெரியவையாகவும் அழுத்தமாகவும் இருக்கின்றனவா என்று பெற்றோரையே பார்க்கச் செய்க. சேலையைக் கையில் பிடித்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை, கணினியும் அப்படியே.

மடிக்கணினிகளின் மின் இணைப்பான்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. எனினும் அடிக்கடி மின்சாரம் தடுமாறும் ஊர்களில் தரமான பாதுகாப்புப் பலகை வேண்டும். யு.எஸ்.பி. சி என்னும் துளை வழியாக மின்னேற்றும் ரகமாயின், இணைப்பான் பழுதானாலும் மாற்று எளிதில் கிடைக்கும். எப்போதும் மின்னிணைப்பிலேயே வைத்திருப்பவர்கள், 80 சதவீதத்தில் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உண்டா என்று விசாரிப்பது நன்று. முழு மின்னேற்றமும் வெப்பமும் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பவை.

விலையும் மறைவிலையும்

மடிக்கணினிக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம். விலை 30,000 ரூபாய், வரி தனி என்று ஒருவர் சொன்னால் நாம் கொடுக்கவேண்டியது 35,400 ரூபாய். எனவே வரி உட்பட்ட விலையையே கேட்டு ஒப்பிடுக. ஆண்டுச் சந்தா கட்டவேண்டிய அலுவல் மென்பொருளைக் கடைக்காரர் வற்புறுத்தினால் உடன்படவேண்டுவதில்லை. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் நச்சு நிரல் தடுப்பு உடன் வருகிறது. தனியே விலைக்கு வாங்குவது பெரும்பாலோர்க்கு அவசியமன்று.

வட்டியில்லாத் தவணை என்னும் விளம்பரத்தைக் கண்டு மயங்கலாகாது. செயற்கட்டணம் என்ன, ரொக்கம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியை இழக்கிறோமா என்று கூட்டிக் கழித்துப் பார்த்தபின் கையெழுத்திடுக. ஒரே தெருவில் நாலைந்து குடும்பத்தினர் வாங்க எண்ணினால், ஒன்றுசேர்ந்து ஒரே ரகத்தைக் கேட்டால் விலையில் குறைவு பெறலாம். ஒருவர் கற்றதை மற்றவர்க்குச் சொல்லவும், பழுது பார்ப்பவர் ஒரே நடையில் வந்து போகவும் அது உதவும். கூட்டுறவின் பயன் நூல் வாங்குவதோடும் உரம் வாங்குவதோடும் நின்றுவிட வேண்டியதில்லை.

ரசீதைப் பத்திரப்படுத்துக. பழுது பார்க்கும் நிலையம் நம் ஊருக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பதை வாங்குமுன்னரே அறிக. குறையுள்ள பொருளை விற்றவர் திருத்தித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்ய உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளாயின் கட்டணமும் இல்லை.

வீட்டில் சேர்க்குமுன் செய்யவேண்டியவை

பெட்டியோடு அப்படியே கொடுத்துவிட்டுப் போவது முறையன்று. எழுத்தைப் பெரிதாக்குக. முகப்பில் அவர்களுக்குத் தேவையான நாலைந்து குறிகளை மட்டும் வைத்து, ஏனையவற்றை நீக்குக. மொழியைத் தமிழுக்கு மாற்றுவது அவர்களுக்கு உதவுமா என்று கேட்டு அதன்படி செய்க. 1999 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை, ஆங்கிலம் அறியாதார் தமிழில் எழுதப் பழகுவதற்கு ஏற்றது. நிர்வாகி உரிமையில்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை அவர்களுக்கென அமைத்தால், அறியாமல் அழுத்திய ஒரு விசையால் வேண்டாத நிரல்கள் நுழைவது பெரிதும் தடுக்கப்படும். அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கும் இணையதளங்கள் யாவற்றுக்கும் அனுமதி மறுத்து வைக்கவேண்டும்.

மோசடியைப் பற்றி அஞ்சாமலும் மறைக்காமலும் சொல்லுதல் வேண்டும். இவை நாலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கணினியருகே ஒட்டத்தக்கவை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் கேட்கப்படுவதில்லை. கேட்பவன் பணம் எடுப்பவன். கணினி கெட்டுவிட்டது, இந்த எண்ணுக்குப் பேசுக என்று திரையில் தோன்றுவது பொய். மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுக. கணினி வழியாகக் கைது செய்வதென்று நம் நாட்டுச் சட்டத்தில் எதுவுமில்லை. அப்படி மிரட்டுவோரிடம் பேச்சை நிறுத்துக. உன் கணினியை நான் இங்கிருந்தே பார்க்கிறேன் என்று கேட்கும் அந்நியருக்கு ஒருபோதும் உடன்படலாகாது. பெற்ற பிள்ளை கேட்டாலும், நாமே அவனைத் திரும்பக் கூப்பிட்டுக் குரலறிந்த பின்னரே அனுமதிக்கவேண்டும். தவறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் பணத்தைத் தூரமாக்கும்.

பொறுமையே பெரிய செலவு

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், கற்பிப்பவரின் பொறுமை இல்லாவிடில் பயனில்லை. முதல் நாள் திறப்பதும் மூடுவதும் மட்டும் போதும். இரண்டாம் நாள் ஒரு காரியம். மவுஸை நாம் வாங்கிச் செய்து காட்டுவதைவிட, அவர்கள் கையிலேயே விட்டு, நாம் வாயால் சொல்லிக்கொடுப்பது நலம். படிகளை அவர்களே தம் கைப்படக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். தம் எழுத்தே அவர்களுக்குப் புரியும்.

என் தந்தையாருக்கு இரண்டாம் முறை, மேற்சொன்னவற்றையெல்லாம் கவனித்து ஒரு கருவி வாங்கினேன். விலை சற்றுக் கூடுதலாயிற்று. ஒரு வாரம் உடனிருந்தேன். ஒரே கேள்வியை அவர் பத்து முறை கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்ததுண்டு. ஆனால் சிறுவயதில் நான் பாவில் இழை அறுத்த ஒவ்வொரு முறையும், தறியை நிறுத்தி, என் விரலைப் பிடித்து இழை பிணைக்கக் கற்றுத்தந்தவர் அவரே என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் எத்தனை முறை என்று எண்ணியதில்லை. இப்போது ஞாயிறுதோறும் மாலையில் அவரே என்னைக் கூப்பிடுகிறார்; துண்டு அவர் தோளில் இருக்கிறது.